கல்லில் ஒரு பூட்டு

பழைய கிரேக்க வீடுகளில் சாமான் அறையின் கதவைச் சாத்தியதும் அதில் மெழுகையோ களிமண்ணையோ அப்பி, வீட்டுக்காரர் தன் முத்திரை மோதிரத்தை அழுத்திவிடுவார். யாராவது திறந்தால் முத்திரை உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அரிஸ்டோபனீஸின் நாடகம் ஒன்றில் ஒரு பெண் இதைப் பற்றித்தான் புலம்புகிறாள். முன்பெல்லாம் மூன்று ஓபோல் காசு கொடுத்தால் போலி மோதிரம் கிடைக்கும், அறையைத் திறந்துகொள்ளலாம். இப்போது கணவன்மார்கள் பூச்சி அரித்த மரத்துண்டை முத்திரையாக்கிக்கொண்டார்கள், எல்லாம் நாடகாசிரியர் யூரிபிடீஸ் சொல்லிக்கொடுத்த வேலை என்கிறாள். பூச்சி அரித்த தடத்தை யாரால் நகலெடுக்க முடியும்?

ஆனால் வசதியுள்ளவர்கள் முத்திரைக்கு நம்பியது செதுக்கிய கல்லைத்தான். கார்னீலியன், அகேட், சால்செடனி எல்லாம் குவார்ட்ஸ் இனம். மோஸ் கடினத்தன்மை அளவில் ஏறக்குறைய 7. அன்றைய இரும்பு ஊசி இவற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். செதுக்கும் வேலையைச் செய்தது எமரிப் பொடி. நக்சோஸ் தீவில் கிடைக்கும் இந்தப் பொடியில் உள்ள குருந்தத்தின் கடினத்தன்மை 9. வில்லின் நாண் சுழற்றும் உலோகத் துரப்பணத்தின் முனையில், எண்ணெயில் குழைத்த பொடியைத் தடவுவார்கள். பொடி மணிகள் மெத்தென்ற உலோகத்தில் புதைந்துகொண்டு கல்லைத் தேய்க்கும். உலோகம் மெத்தென்று இருப்பதுதான் இங்கே வசதி.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பொடிக் குழைவு, வேலை நடக்கும் இடத்தையே மறைத்துவிடும். துடைத்து, மெழுகில் பதித்துப் பார்த்து, மறுபடியும் தேய்க்க வேண்டும். அதுவும் தலைகீழ்க் கணக்கில்: கல்லில் குழிவது மெழுகில் புடைக்கும், வலம் இடமாகும். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கியோஸ் தீவின் டெக்ஸமெனோஸ் பறக்கும் நாரை ஒன்றை இப்படித்தான் செதுக்கி, தன் பெயரையும் ஊரையும் பொறித்தான். அந்தக் கல் இப்போது ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவனுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் முந்திய அகேட் கல் ஒன்று 2015இல் பைலோஸ் அருகே ஒரு வீரனின் கல்லறையில் கிடைத்தது. அகலம் 3.6 செ.மீ.; அதில் உள்ள போர்க் காட்சியின் சில நுணுக்கங்கள் அரை மில்லிமீட்டர் அளவே. இந்தத் தொழிலுக்குக் கிட்டப்பார்வைக்காரர்களே வாய்ப்பானவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

செதுக்குபவனே திருடனாகிவிட்டால்? விற்ற மோதிரத்தின் பதிவை அவன் கையில் வைத்திருக்கக் கூடாது என்று ஏதென்ஸில் சோலோன் சட்டம் போட்டதாக ஒரு குறிப்பு உண்டு. அலெக்சாந்தர் இன்னும் கறாரானவர். தன் உருவத்தைக் கல்லில் செதுக்கும் உரிமையைப் பிர்கோடெலிஸ் ஒருவனுக்கே கொடுத்தார் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. அவன் கைவேலை என்று உறுதியாகச் சொல்ல ஒரு கல்கூட இன்று இல்லை. அவன் பெயரைப் பொறித்துப் பிற்காலத்தவர் செய்த போலிகள்தான் இருக்கின்றன.