ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆனாலும் டீம் உண்டு: அமெரிக்காவின் சின்னக் கல்லூரிகள் வாலிபாலை நடத்துவது எப்படி?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஹன்டிங்டன் என்ற சிற்றூரில் இருக்கிறது ஜூனியாட்டா கல்லூரி. மாணவர்கள் சுமார் 1,300 பேர்தான். ஆனால் 2004, 2006, 2022, 2023 உட்படப் பலமுறை பெண்கள் வாலிபாலில் தன் பிரிவின் தேசிய சாம்பியன். இத்தனைக்கும் அந்த டீமில் ஒருவருக்குக்கூட விளையாட்டுக்காக ஒரு டாலர் ஸ்காலர்ஷிப் கிடையாது.

காரணம், அது ஆடுவது மூன்றாம் பிரிவில். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பில் மூன்று பிரிவுகள். டிவியில் வரும் பெரிய பல்கலைக்கழகங்கள் முதல் பிரிவு. மூன்றாவதில் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள். பெரும்பாலும் சின்னத் தனியார் கல்லூரிகள். இங்கே மதிப்பெண்ணுக்கு உதவித்தொகை உண்டு, குடும்ப வருமானத்தைப் பார்த்தும் உண்டு. ஸ்பைக் நன்றாக அடிக்கிறார் என்பதற்காகக் கூடாது. வீரர்களுக்கு மட்டும் உதவித்தொகை தாராளமாகப் போகிறதா என்று என்.சி.ஏ.ஏ. ஆண்டுதோறும் கணக்கு வாங்கிப் பார்க்கிறது.

அப்போ கல்லூரிக்கு என்ன லாபம்?

ஃபீஸ்தான். இந்தக் கல்லூரிகளில் பல மாணவர் கட்டணத்தை நம்பியே ஓடுகின்றன. அமெரிக்காவில் 2007-க்குப் பிறகு பிறப்புகள் குறைந்ததால், கல்லூரி வயதை எட்டுபவர்களும் இனி குறையப் போகிறார்கள். எனவே டீம் என்பது அட்மிஷனுக்கு ஒரு வழி. சலுகை போக ஒருவர் 20,000 டாலர் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். வாலிபாலுக்காகவே 18 பேர் சேர்ந்தால் 3,60,000 டாலர். கோச் சம்பளம், பஸ், ஜெர்சி, சாப்பாடு எல்லாம் போக மிச்சமும் இருக்கலாம். ஆனால் இதில் ஒரு ஓட்டை உண்டு. அந்த 18 பேரும் டீம் இல்லாவிட்டாலும் அதே கல்லூரிக்கு வந்திருப்பார்கள் என்றால், கணக்கு அப்படியே கவிழ்ந்துவிடும்.

ஆகவே கோச்சின் வேலையில் பெரும்பங்கு கோர்ட்டுக்கு வெளியேதான். பள்ளி மாணவர்கள் ஆடும் கிளப் போட்டிகளுக்குப் போவது, வீடியோ பார்ப்பது, பெற்றோரிடம் பேசுவது. சில கல்லூரிகளில் இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று டார்கெட்டே உண்டு. சேல்ஸ் வேலை மாதிரிதான்!

ஆண்கள் டீம் ஏன் தாமதம்?

கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ம் ஆண்டின் 'டைட்டில் 9' சட்டம், கல்லூரிகளில் பெண்கள் அணிகளைப் பெருக்கியது. மூன்றாம் பிரிவில் பெண்கள் சாம்பியன்ஷிப் 1981-லேயே வந்துவிட்டது. ஆண்களுக்கு 2012-ல்தான். முதல் கோப்பையை வென்றது ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரி. 1896-ல் வில்லியம் மார்கன் இந்த விளையாட்டை ஆடிக்காட்டி, அதற்கு வாலிபால் என்ற பெயர் கிடைத்ததும் அதே கல்லூரியில்தான்.

ஆண்கள் டீமைச் சேர்ப்பதில் செலவும் குறைவு. பெண்களுக்கு செப்டம்பரில் சீசன், ஆண்களுக்கு ஜனவரியில். ஒரே ஜிம், ஒரே கம்பம், நெட்டை 2.24 மீட்டரிலிருந்து 2.43-க்கு ஏற்றினால் போதும். சில இடங்களில் கோச்சும் ஒருவரே.

மாணவருக்கு?

முதல் பிரிவில் ஸ்காலர்ஷிப் வாங்குபவர் டீமை விட்டு விலகினால் அது பறிபோகலாம். இங்கே அந்தப் பயம் இல்லை. முட்டி போனாலும், லேப் வேலை அதிகமாகி விலகினாலும் உதவித்தொகை அப்படியே இருக்கும்.

சிக்கல் வேறு இடத்தில். கோர்ட்டில் ஆறு பேருக்குத்தான் இடம். டீமில் எத்தனை பேரைச் சேர்த்தாலும் கல்லூரிக்கு வரவுதான். முழு ஃபீஸ் கட்டிவிட்டு நான்கு வருடம் பெஞ்சில் உட்காரும் வாய்ப்பும் நிஜம். அதனால் கல்லூரியைச் சுற்றிப் பார்க்கப் போகும் பிளஸ் டூ வயதுப் பெண் கோச்சிடம் கேட்க வேண்டியது கோப்பைகளைப் பற்றி அல்ல: மூன்று வருடத்துக்கு முன் டீமில் சேர்ந்தவர்களில் இன்னும் எத்தனை பேர் ஆடுகிறார்கள்?