லூயி பாடி மறதி நோய்: வெளிநாட்டு மருத்துவம் நாடுமுன்

முதுமையில் வரும் மறதி நோய் என்றாலே அல்ஸைமர் என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். மருத்துவர்கள் லூயி பாடி டிமென்ஷியா என்று அழைக்கும் மற்றொரு மறதி நோயும் உண்டு. இதனை ஒரு மருத்துவர் பார்க்கின்சன் என்பார். மற்றொருவர் மனநோய் என்பார். வேறொருவர் அல்ஸைமர் என்பார். குழப்பமுற்ற பிள்ளைகள் சேமிப்பைத் திரட்டி, பெற்றோரை வெளிநாட்டு நிபுணரிடம் அழைத்துச் செல்ல நினைப்பது இயல்பே. அத்தகைய குடும்பங்களுக்குப் பயன்படும் செய்திகளை இங்குத் தருகிறோம்.

நோயின் வரலாறு

1912ஆம் ஆண்டு, ஜெர்மனியில் பிறந்த நரம்பியல் அறிஞர் ஃபிரெடரிக் லூயி, பார்க்கின்சன் நோயாளிகளின் மூளை உயிரணுக்களில் நுண்ணிய உருண்டைகளைக் கண்டார். அவையே பின்னர் அவர் பெயரைப் பெற்றன. 1976இல் ஜப்பானிய மருத்துவர் கெஞ்சி கொசாகா, மறதி நோயால் இறந்த ஒருவரின் மூளை மேற்பரப்பெங்கும் அவை பரவியிருந்ததை எடுத்துக்காட்டினார். 1995இல் இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் அறிஞர்கள் கூடி விவாதித்ததன் பயனாக, நோயைக் கண்டறியும் விதிகள் 1996இல் வெளிவந்தன. அவ்விதிகள் 2017இல் மீண்டும் திருத்தப்பட்டன. 

நான்கு முக்கிய அறிகுறிகள்

ஒன்று, தெளிவு ஏறி இறங்குதல். காலையில் நன்றாகப் பேசியவர் மாலையில் எதுவும் புரியாமல் அமர்ந்திருப்பார். இரண்டு, இல்லாத மனிதர்களையும் குழந்தைகளையும் விலங்குகளையும் தெளிவாகக் காணுதல். மூன்று, உறக்கத்தில் கனவுக்கேற்பக் கத்துதல், கை கால்களை வீசுதல். இது மறதிக்குப் பல ஆண்டுகள் முன்னரே தொடங்கலாம். நான்கு, நடை தளர்ந்து உடல் விறைத்தல் அல்லது கை நடுங்குதல். மறதி நோயோடு இவற்றுள் இரண்டு இருப்பின், பெரும்பாலும் இந்நோய்தான் என மருத்துவர் முடிவு செய்யலாம்.

இறந்த உறவினர் வந்து நிற்கிறார் என்று பெரியவர் சொல்லும்போது, பேய் பிடித்தது, செய்வினை என்று கலங்கி மாதக்கணக்கில் காலம் கடத்தும் குடும்பங்கள் உண்டு. இறைவழிபாடு மனத்துக்கு ஆறுதல் தரும், அதைத் தொடருங்கள். கூடவே மருத்துவரிடமும் தாமதமின்றிச் செல்லுங்கள்.

பயணம் தேவைதானா?

ஐயம் நீடித்தால் உதவும் சோதனைகள் சில உள்ளன. மூளையின் டோபமின் நரம்புகளைக் காட்டும் டாட் ஸ்கேன், ஜப்பானில் பரவலாகச் செய்யப்படும் எம்.ஐ.பி.ஜி. இதயச் சோதனை, இரவு முழுவதும் உறக்கத்தைப் பதிவு செய்யும் சோதனை ஆகியவை அவை. இவை எல்லா மருத்துவமனைகளிலும் கிடைப்பதில்லை. ஆனால் இவற்றுள் எதுவும் நோயைக் குணமாக்காது. நோயை முற்றிலும் நீக்கும் மருந்து எந்த நாட்டிலும் இல்லை. ஜப்பான் 2014இல் இந்நோய்க்கு ஏற்றுக்கொண்ட டோனெபெசில் மருந்து நம் நாட்டிலும் கிடைக்கிறது. எனவே, "இப்பயணத்தால் சிகிச்சையில் என்ன மாறும்?" என்று உள்ளூர் நரம்பியல் அல்லது முதியோர் நல நிபுணரை முதலில் கேளுங்கள். அறிக்கைகளை அனுப்பிக் காணொளி வழியே ஆலோசனை பெற இயலுமா என்றும் விசாரியுங்கள்.

செல்வதென முடிவெடுத்தால்

நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்பவரே உடன் செல்ல வேண்டும். செலவு செய்யும் மகனைவிட, இரவில் அருகில் படுக்கும் துணைவியாரோ மருமகளோ பணிப்பெண்ணோ கூறும் விவரமே நிபுணருக்குப் பெரிதும் பயன்படும். அறிகுறிகள் தோன்றிய தேதிகளைக் குறித்த ஏடு, மருந்துகளின் பெயரும் அளவும், பழைய ஸ்கேன் படங்கள், நடையையும் குழப்பத்தையும் கைப்பேசியில் எடுத்த சிறு காட்சிகள் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கையை மறக்கலாகாது. புதிய இடமும் உறக்கக் குறைவும் நோயாளியின் குழப்பத்தை மிகுதிப்படுத்தும். அவ்வேளையில் நோயை அறியாத ஒரு மருத்துவர், அவரை அமைதிப்படுத்த ஹாலோபெரிடோல் போன்ற ஊசியைப் போடக்கூடும். இந்நோயாளிகளுள் பலருக்கு அம்மருந்து கடும் விறைப்பையும் மயக்க நிலையையும் உண்டாக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே நோயின் பெயரையும் தவிர்க்க வேண்டிய மருந்துகளையும் மருத்துவரிடம் எழுதி வாங்கி, கடப்பிதழோடு சேர்த்து வையுங்கள். எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் குறைந்து விழும் அபாயமும் உண்டு. விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேளுங்கள். முன்னரே இருக்கும் நோய்க்குப் பயணக் காப்புறுதி பொருந்துமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த பின்

நிபுணரைக் காண்பது சில நாள். பராமரிப்போ பல ஆண்டு. கையிருப்பு முழுவதையும் பயணத்திலேயே செலவழித்துவிட்டால் பிற்காலப் பராமரிப்புக்கு எதுவும் மிஞ்சாது. சிங்கப்பூரில், 1990இல் அல்ஸைமர் நோய்ச் சங்கமாகத் தொடங்கி 2021இல் பெயர் மாறிய டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பும், மலேசியாவில் அல்ஸைமர் நோய் அறநிறுவனமும் குடும்பங்களுக்கு வழிகாட்டுகின்றன.

நன்கொடையாளப் பெருமக்களும் இத்துறையில் அறம் செய்ய இடமுண்டு. பகல் பராமரிப்பு நிலையக் கட்டணம், மருத்துவமனைக்குச் செல்ல வாகனம், பராமரிப்பவர் வாரம் ஒரு நாள் ஓய்வெடுக்கத் தொண்டர் ஒருவர் என இவற்றுள் ஏதேனும் ஒன்றை ஏற்றாலும், அக்குடும்பத்தின் சுமை பெரிதும் குறையும்.