கனடா: படைபலமும் பிரஜைகளின் உரிமையும்

ஐக்கிய அமெரிக்காவின் ஐம்பத்தோராவது மாநிலமாகக் கனடா மாறிவிடலாம் என டொனால்ட் ட்ரம்ப் 2024 ஆம் ஆண்டின் இறுதியில் கூறியபோது, கனேடியர்களிற் பலர் அதனை ஒரு வேடிக்கைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டனர். அடுத்த சில மாதங்களில் தீர்வை வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அறிவிக்கப்படவே அந்த வேடிக்கை மறைந்துபோனது. 2025 ஏப்ரல் 28 ஆம் திகதி நடைபெற்ற பொதுத் தேர்தல் ஏறத்தாழ இந்த ஒரு பிரச்சினையை மையமாகக் கொண்டே நடந்தது எனலாம். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் கருத்துக்கணிப்புக்களில் வெகுவாகப் பின்தங்கியிருந்த லிபரல் கட்சி, மார்க் கார்னியின் தலைமையில் 343 ஆசனங்களில் 169 ஐக் கைப்பற்றியது. பழைமைவாதக் கட்சியின் தலைவர் பியர் பொலியேவ், ஒட்டாவாப் பகுதியிலுள்ள தமது சொந்தத் தொகுதியிலேயே தோல்வியைத் தழுவினார்.

தேர்தல் முடிந்து ஆறு வாரங்களில், ஜூன் 9 ஆம் திகதி, பிரதமர் கார்னி பாதுகாப்புச் செலவு தொடர்பான முக்கிய அறிவித்தலொன்றை விடுத்தார். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதத்தைப் பாதுகாப்புக்கெனச் செலவிடுவது என்ற நேட்டோ அமைப்பின் இலக்கை 2025 - 2026 நிதியாண்டிலேயே எட்டப்போவதாகவும், அதற்கென மேலதிகமாக 9 பில்லியன் டொலருக்கும் அதிகமான தொகை ஒதுக்கப்படுவதாகவும் அவர் தெரிவித்தார். அவருக்கு முன்னிருந்த ஜஸ்ரின் ட்ரூடோ, இதே இலக்கை 2032 ஆம் ஆண்டளவில் அடைவதாகவே 2024 இல் வாக்களித்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. அதே ஜூன் மாதத்தில் ஹேக் நகரில் கூடிய நேட்டோ தலைவர்கள், 2035 ஆம் ஆண்டளவில் 5 சதவீதம் என்ற புதிய இலக்கை நிர்ணயித்தபோது கனடாவும் அதற்கு இணங்கியது.

கனேடியப் படைகள் இந்நிலைக்குத் தேய்ந்துபோனதற்கான காரணம் இரகசியமானதன்று. வடக்கே உறைபனிச் சமுத்திரமும், கிழக்கிலும் மேற்கிலும் பெருங்கடல்களும், தெற்கே உலகின் மிகப்பெரிய இராணுவ வல்லரசும் இருக்கையில், படைக்கெனச் செலவிடும் ஒவ்வொரு டொலரும் வீண் என்ற எண்ணம் வாக்காளர் மத்தியில் வேரூன்றியிருந்தது. நீர்மூழ்கிக் கப்பல்களின் கதை இதற்குத் தக்க உதாரணமாகும். 1998 இல் பிரித்தானியாவிடமிருந்து பழைய நீர்மூழ்கிகள் நான்கை வாங்குவதற்குக் கனடா உடன்பட்டது. அவற்றில் ஒன்றான 'சிக்கூற்றிமி', 2004 ஒக்டோபரில் கனடாவை நோக்கிய தனது முதற் பயணத்திலேயே தீப்பற்றியதில் அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். அதிகபட்சம் 12 புதிய நீர்மூழ்கிகளை வாங்கும் திட்டத்துக்கென 2025 இல் ஜேர்மனிய, தென்கொரிய நிறுவனங்கள் இரண்டு இறுதிப் பட்டியலுக்குத் தெரிவுசெய்யப்பட்டன.

ஆயினும் கப்பலையும் விமானத்தையும் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். ஆளை அவ்விதம் வாங்க முடியாது. 71,500 பேர் இருக்கவேண்டிய நிரந்தரப் படையிலும் 30,000 பேர் இருக்கவேண்டிய தொண்டர் படையிலுமாகச் சுமார் 16,000 பேர் பற்றாக்குறையாக உள்ளனரென 2024 இல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் பில் பிளேயரே பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். பிரஜாவுரிமை பெறாத நிரந்தர வதிவாளர்களும் படையிற் சேரலாம் என 2022 இலேயே கதவு திறக்கப்பட்டது. கட்டாய இராணுவ சேவை என்ற சொல்லை மட்டும் எந்தக் கட்சியும் உச்சரிப்பதில்லை. காரணம், 1917 இலும் 1944 இலும் அது ஆங்கிலம் பேசும் கனடாவையும் பிரெஞ்சு பேசும் கியூபெக்கையும் இரு கூறாக்கியது. 1918 ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறு வாரவிறுதியில் கியூபெக் நகரில் வெடித்த கலவரத்தின்போது படையினரின் துப்பாக்கிப் பிரயோகத்தில் பொதுமக்கள் கொல்லப்பட்டமை அங்கு இன்னமும் மறக்கப்படவில்லை.

இந்த இடத்தில்தான் படைபலம் பற்றிய விவாதம் பிரஜைகளின் உரிமை பற்றிய விவாதத்துடன் வந்து சேருகின்றது. தம்மை அமைதிகாக்கும் தேசமாகக் கருதிக்கொள்ளும் கனேடியர்கள், தமது இராணுவத்தைத் தமது சொந்த வீதிகளிலேயே கண்ட அனுபவமும் உள்ளவர்கள்.

1970 ஒக்டோபர் 5 ஆம் திகதி மொன்றியல் நகரில் பிரித்தானிய வர்த்தக ஆணையாளர் ஜேம்ஸ் குரொஸ், கியூபெக் விடுதலை முன்னணியினராற் கடத்தப்பட்டார். ஐந்து நாட்களின் பின்னர் மாகாண அமைச்சர் பியர் லப்போர்ட் கடத்தப்பட்டார். ஒக்டோபர் 15 இல் இராணுவம் மொன்றியலுக்குள் இறக்கப்பட்டது. மறுநாள் அதிகாலை பிரதமர் பியர் ட்ரூடோ 'யுத்தகால நடவடிக்கைகள் சட்டத்தை' அமுல்படுத்தினார். இவ்விரண்டு நடவடிக்கைகளையும் ஒன்றெனவே பலரும் கருதுகின்றனர், அது தவறாகும். சிவில் அதிகாரிகளுக்கு உதவியாகப் படையினரை அழைப்பதற்கு மாகாண அரசாங்கத்துக்குச் சாதாரண தேசிய பாதுகாப்புச் சட்டமே போதுமானதாக இருந்தது. விசேட சட்டம் தேவைப்பட்டது வேறொன்றுக்காக: பிடியாணையின்றி வீடுகளைச் சோதனையிடவும், குற்றச்சாட்டின்றி ஆட்களைத் தடுத்துவைக்கவும்.

ஏறத்தாழ 500 பேர் அவ்விதம் கைதாகினர். அவர்களிற் பெரும்பாலானோர் குற்றப்பத்திரம் எதுவுமின்றியே பின்னர் விடுவிக்கப்பட்டனர். கைதானவர்களிற் கவிஞர்கள், பாடகர்கள், தொழிற்சங்கவாதிகள் இருந்தனர். சட்டம் அமுலுக்கு வந்த மறுநாளே லப்போர்ட் கொலையுண்ட நிலையிற் கண்டெடுக்கப்பட்டார். குரொஸ் டிசம்பரில் மீட்கப்பட்டார். பொதுமக்களின் பேராதரவு அப்போது அரசாங்கத்துக்கே இருந்தது. பாராளுமன்றத்தில் எதிர்த்து வாக்களித்தவர்கள் டொமி டக்ளஸ் தலைமையிலான புதிய ஜனநாயகக் கட்சியின் 16 உறுப்பினர்கள் மாத்திரமே. அன்று விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்ட கவிஞர் ஜெரால்ட் கோடன், ஆறு ஆண்டுகளின் பின்னர், 1976 தேர்தலில், அந்த ஒக்டோபரில் கியூபெக் முதல்வராயிருந்த றொபேர்ட் புராசாவை அவரது சொந்தத் தொகுதியிலேயே தோற்கடித்தார்.

அந்தச் சட்டத்தின் முந்திய வரலாறு இதனிலும் கசப்பானது. 1914 இல் இயற்றப்பட்ட அச்சட்டத்தின் கீழ் முதலாம் உலக யுத்தத்தின்போது உக்ரேனியர் உட்பட எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். 1942 இல் சுமார் 22,000 ஜப்பானிய வம்சாவளியினர் மேற்குக் கரையோரத்திலிருந்து அகற்றப்பட்டனர். அவர்களிற் பெரும்பான்மையினர் கனடாவின் பிரஜைகள். அவர்களால் ஆபத்தில்லை என இராணுவ, பொலிஸ் உயரதிகாரிகளே கருதியிருந்தனர் என்பதை நாம் இங்கு அழுத்திக் கூற விரும்புகின்றோம். அகற்றும்படி கூச்சலிட்டவர்கள் அரசியல்வாதிகளே. படகுகளும் வீடுகளும் விற்கப்பட்டன. கரையோரத்துக்குத் திரும்பும் உரிமை, யுத்தம் முடிந்து மூன்றரை ஆண்டுகளின் பின்னர், 1949 ஏப்ரலிலேயே கிடைத்தது. பிரதமர் பிரையன் மல்ரூனி பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரியது 1988 செப்டெம்பரில். உயிருடன் எஞ்சியிருந்தோருக்குத் தலா 21,000 டொலர் வழங்கப்பட்டது.

பழைய சட்டம் நீக்கப்பட்டு 'அவசரநிலைகள் சட்டம்' கொண்டுவரப்பட்டதும் அதே 1988 இற்றான். மாதந்தோறும் அவசரகாலச் சட்டத்தை நீடிக்கும் வாக்கெடுப்புக்களைப் பல ஆண்டுகள் பார்த்துப் பழகிய எமது வாசகர்களுக்கு அதன் ஏற்பாடுகள் சற்று வியப்பளிக்கலாம். பொது ஒழுங்கு அவசரநிலை 30 நாட்களில் தானாகவே காலாவதியாகும். பாராளுமன்றத்தின் அங்கீகாரத்தை ஏழு அமர்வு நாட்களுக்குள் கோரவேண்டும். எல்லாம் முடிந்த பின்னர் அரசாங்கம் தன்னைத்தானே விசாரிக்கும் ஆணைக்குழுவொன்றை 60 நாட்களுக்குள் கட்டாயமாக நியமிக்கவேண்டும். 1982 ஆம் ஆண்டின் உரிமைகள் சாசனத்தை மீறவும் இயலாது.

இத்தனை கடிவாளங்களும் 2022 பெப்ரவரியிற் சோதனைக்குள்ளாகின. கொவிட் கட்டுப்பாடுகளை எதிர்த்துக் கனரக லொறிகளுடன் ஒட்டாவா நகர மையத்தை ஆர்ப்பாட்டக்காரர் இரண்டு வாரங்களுக்கும் மேலாக முடக்கியிருந்த நிலையில், ஜஸ்ரின் ட்ரூடோ 14 ஆம் திகதி இச்சட்டத்தை முதன்முறையாகப் பயன்படுத்தினார். இராணுவம் அழைக்கப்படவில்லை. மாறாக, வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. நீதிமன்ற உத்தரவு அதற்குத் தேவைப்படவில்லை. மக்கள் சபை 185 இற்கு 151 என்ற வாக்குகளால் அங்கீகரித்தது. தந்தை காலத்தில் எதிர்த்து நின்ற புதிய ஜனநாயகக் கட்சி, இம்முறை மகனுக்குக் கைகொடுத்தது. செனட் சபை விவாதித்துக்கொண்டிருக்கையிலேயே, 23 ஆம் திகதி, பிரகடனம் மீளப்பெறப்பட்டது.

அதன் பின்னர் நிகழ்ந்தவையே எமது கவனத்துக்குரியவை. நீதியரசர் போல் ரூலோ தலைமையிலான ஆணைக்குழு, தேவையான வரம்பு எட்டப்பட்டிருந்ததெனத் தயக்கத்துடன் 2023 பெப்ரவரியில் அறிக்கையிட்டது. ஆனால் 2024 ஜனவரியில் சமஷ்டி நீதிமன்ற நீதிபதி ரிச்சர்ட் மொஸ்லி, பிரகடனம் நியாயமற்றதெனவும் கருத்துச் சுதந்திரமும் நியாயமற்ற சோதனைக்கெதிரான உரிமையும் மீறப்பட்டனவெனவும் தீர்ப்பளித்தார். வழக்கின் ஆரம்பத்தில் தாம் அரசாங்கத்தின் பக்கமே சாய்ந்திருந்ததாகவும், முன்வைக்கப்பட்ட சான்றுகளும் வாதங்களுமே தம்மை மாற்றியதாகவும் அவர் எழுதியிருந்தமை அரிதானதொரு வாக்குமூலமாகும். அரசாங்கம் மேன்முறையீடு செய்தது.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். படைபலத்தைப் பெருக்கும் அறிவித்தலுக்கு ஆறு நாட்கள் முன்னதாக, 2025 ஜூன் 3 ஆம் திகதி, எல்லைப் பாதுகாப்பை வலுப்படுத்துவதென்ற பெயரில் சி-2 சட்டமூலம் சமர்ப்பிக்கப்பட்டது. இணையச் சேவை வழங்குநர்களிடமிருந்து வாடிக்கையாளர் பற்றிய சில தகவல்களைப் பிடியாணையின்றிக் கேட்டுப்பெறவும், அஞ்சலிற் செல்லும் கடிதங்களைத் திறந்து பார்க்கும் அதிகாரத்தை விரிவுபடுத்தவும் அது வழிசெய்தது. கனடாவுக்கு வந்து ஓராண்டு கடந்த பின்னர் புகலிடம் கோருவோரின் விண்ணப்பங்கள் அகதிகள் சபைக்கு அனுப்பப்படமாட்டா என்ற ஏற்பாடும் அதில் இருந்தது. வாஷிங்டனின் எல்லைக் குற்றச்சாட்டுக்களைத் தணிப்பதே இதன் பிரதான நோக்கமென விமர்சகர்கள் கூறியதில் உண்மையுண்டு என நாம் கருதுகின்றோம். அண்டை நாட்டின் அழுத்தத்திலிருந்து இறைமையைக் காக்கவெனப் படையைப் பெருக்கும் அதே வேளையில், அதே அழுத்தத்துக்கு இணங்கிச் சொந்தச் சட்டங்களைத் திருத்தும் முரண்பாட்டை ஒட்டாவா விளக்கவேண்டியுள்ளது.

இச்சட்டமூலத்தைச் சமர்ப்பித்தவர், தமிழர் விடுதலைக் கூட்டணியின் மூத்த தலைவர் வீ. ஆனந்தசங்கரியின் புதல்வரும், 1983 இற் கனடாவை அடைந்தவருமான, பொதுப் பாதுகாப்பு அமைச்சர் ஹரி ஆனந்தசங்கரி ஆவார். 2010 இல் 'சன் சீ' கப்பலில் வந்த 492 தமிழர்கள் மாதக்கணக்கிற் தடுத்துவைக்கப்பட்டதை மறவாத ரொறன்ரோத் தமிழர்களுக்கு, புகலிட விதிகளை இறுக்கும் சட்டமூலமொன்று இவர் கையிலிருந்து வந்தமை இலகுவில் ஏற்கக்கூடிய காட்சியாக இருந்திராது. அமைச்சரவையின் முடிவையே அவர் சுமந்தார் என்பதையும் மறுப்பதற்கில்லை.

எதிர்ப்பு வலுத்ததையடுத்து, 2025 ஒக்டோபரில் சி-12 என்ற இரண்டாவது சட்டமூலம் முன்வைக்கப்பட்டது. கடிதங்களைத் திறப்பதும் பிடியாணையற்ற தகவல் கோரலும் அதிற் சேர்க்கப்படவில்லை. புகலிடம் தொடர்பான ஏற்பாடுகள் சேர்க்கப்பட்டிருந்தன. அதாவது, வாக்குரிமையுள்ள பிரஜைகளின் கடிதங்கள் பற்றிய கூச்சலுக்கு அரசாங்கம் செவிசாய்த்தது. வாக்குரிமையற்ற அகதிகள் பற்றிய பகுதியை முன்னே நகர்த்தியது. 1970 இல் 16 கைகளை உயர்த்திய புதிய ஜனநாயகக் கட்சிக்கு 2025 தேர்தலிற் கிடைத்தவை 7 ஆசனங்கள். மக்கள் சபையில் அங்கீகரிக்கப்பட்ட கட்சி என்ற தகுதிக்கு 12 ஆசனங்கள் வேண்டும்.