மூச்சும் முறைமையும்: கல்லூரிக் கபடி அணியின் ஓராண்டு

உடலோடு உடல் மோதும் ஆட்டங்களை வன்முறையினின்றும் பிரித்து நிறுத்துவது விதிமுறையே ஆகும். வலிமையும் வேகமும் எத்துணை இருப்பினும், முறைமை இல்லையேல் ஆட்டம் அடிதடியாகிவிடும். இவ்வுண்மையைக் கல்லூரிக் கபடி அணி ஒன்றின் ஓராண்டு வாழ்வைக் கொண்டு ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

சடுகுடு என நம் சிற்றூர்கள் அழைத்த ஆட்டமே இன்று கபடி என்னும் பெயரால் உலகரங்கில் நிற்கிறது. 1990 இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியாக இடம்பெற்ற இது, ஊர்த்திடலின் ஆட்டமாக இருந்த நிலையிலிருந்து வரையறை மிக்க ஆட்டமாக வளர்ந்துள்ளது. ஆடவர் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. அணிக்கு எழுவர் களத்தில் நிற்பர். பாடிச் செல்பவர் 30 நொடிக்குள், ஒரே மூச்சில், எதிரணியினரைத் தொட்டு மீள வேண்டும். முதுநிலை ஆடவர்க்கு 85 கிலோ எடை வரம்பும் உண்டு.

இவ்விதிகளுள் பலவும் உடலைக் காப்பதற்கென்றே எழுந்தவை. பாடுவோரின் வாயைப் பொத்தி மூச்சை அடக்குதல் குற்றம். கால்களால் கத்தரிபோல் பின்னிப் பிடித்தல் குற்றம். உடல் உறுப்புகளை விடுத்து வேறொன்றைப் பற்றி இழுத்தலும் குற்றம். நகத்தை வெட்டாமலோ, உடலில் எண்ணெய் பூசிக்கொண்டோ களமிறங்கலாகாது. பிடிப்பவரின் வலிமைக்கு எல்லை வகுத்த பின்னரே பாடுவோரின் துணிவுக்குப் பொருள் பிறக்கிறது.

இனி, அணியின் ஓராண்டை நோக்குவோம். கல்வியாண்டின் தொடக்கத்தில் வீரர் தேர்வு நிகழும். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் போன்ற பகுதிகளின் மண் களங்களில் வெறுங்காலோடு ஆடிப் பழகிய இளைஞர்கள் மதுரையின் கல்லூரிகளுக்கு வருகின்றனர். காலைப் பயிற்சி முடித்து வகுப்புக்கு ஓடுவதும், மாலையில் மீண்டும் களம் புகுவதும் அவர்தம் நாள்முறை. அடுத்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகள்; அவற்றில் திறம் காட்டியோர் பல்கலைக்கழக அணிக்குத் தெரிவு செய்யப்படுவர். அவ்வணி தென்மண்டலப் போட்டிக்கும், ஆங்கு வென்றால் அகில இந்தியப் போட்டிக்கும் செல்லும்.

சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இப்பயணம் நடப்பில் அத்துணை எளிதன்று. தோற்றோர் வெளியேறும் முறையில் நடைபெறும் சுற்றில், நாற்பது நிமிட ஆட்டம் ஒன்று ஓராண்டு உழைப்பை முடித்துவிடக்கூடும். பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு வயது வரம்பும் உண்டாதலால் வீரருக்குக் கிடைக்கும் வாய்ப்புகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆகவேதான் வலிக்கும் முழங்காலோடும் ஆடத் துணிகின்றனர். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

கல்லூரி ஆட்டம் ஒன்று இத்தகைய ஆபத்தின் விளிம்பில் நின்ற வரலாறு அமெரிக்காவில் உண்டு. அமெரிக்கன் கல்லூரியின் பெயர் நாளும் ஒலிக்கும் கோரிப்பாளையத்தார்க்கும் அமெரிக்கக் கால்பந்து அயலான ஆட்டமே. பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியைத் தகர்த்து நிலம் கைப்பற்றி முன்னேறும் ஆட்டம் அது. கூட்டமாகக் கைகோத்து ஒருவர்மீது பாயும் முறை அக்காலத்தில் இருந்தது. 1905 ஆம் ஆண்டின் பருவத்தில் மட்டும் குறைந்தது 18 பேர் உயிரிழந்தனர். குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் அக்டோபரில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் பொறுப்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். கொலம்பியா பல்கலைக்கழகமோ ஆட்டத்தையே கைவிட்டது. மறு ஆண்டில் விதிகள் திருத்தப்பட்டன: பந்தை முன்னோக்கி எறிய இசைவு தரப்பட்டது, மூன்று முயற்சிகளில் 5 கஜம் முன்னேற வேண்டும் என்றிருந்தது 10 கஜம் ஆயிற்று. நெருக்கித் தள்ளும் ஆட்டம் விரிந்து பரந்த ஆட்டமாக மாறும் வழி பிறந்தது. கல்லூரிகள் ஒன்றுகூடிப் பொதுச் சங்கமும் கண்டன. ஆட்டத்தை அழிவினின்றும் காத்தது, பொறுப்பை ஏற்ற நிறுவனங்களின் திருத்தமே.

நமக்கும் இதில் பாடம் உண்டு. கபடியின் விதிநூல் களத்திற்குள் வீரரைக் காக்கும்; களத்திற்கு வெளியே காக்க வேண்டியது கல்லூரியே. மண்ணில் பழகிப் போட்டி நாளில் மட்டும் விரிப்பில் காலணியோடு ஆடுவோர்க்குக் காற்பிடிப்பு மாறுபடும், முழங்கால் திருகும். ஆதலின் பயிற்சிக்கும் விரிப்பு வேண்டும். காயமுற்றவரை இயன்முறை மருத்துவர் இசைவின்றி களமிறக்கலாகாது. போட்டியால் தவறிய பாடங்களை ஆசிரியர் மீண்டும் நடத்துதல் வேண்டும்.

கபடி உயர்த்திவிட்டோர் நம்மிடையே உளர். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994 இல் இரோசிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, 1995 ஆம் ஆண்டின் அர்ஜுனா விருதைப் பெற்றார். 2025 இல் பஹ்ரைனில் நிகழ்ந்த ஆசிய இளையோர் விளையாட்டில் சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகாவும், வடுவூரைச் சேர்ந்த அபினேஷும் தங்கம் வென்ற இந்திய அணிகளில் ஆடினர். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்கு 3 விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு. எனினும் அவ்வாயில் குறுகியது. பலர் பதக்கமின்றியே கல்லூரியைவிட்டு வெளியேறுவர். அவர்களுக்கு எஞ்சுவன உடல் நலமும் பட்டமும் மட்டுமே. அவ்விரண்டையும் குறைவின்றித் தந்தனுப்புவதே கல்லூரியின் கடன்.

எனவே, ஓர் அணியின் ஆண்டைக் கோப்பையால் மட்டும் அளத்தல் முறையன்று. பருவம் முடிந்த நாளில் எத்தனை பேர் நலமாக நடந்து தேர்வறைக்குள் புகுந்தனர் என்று எண்ணிப் பார்ப்போமாக. அந்த எண்ணிக்கை குறையாத ஆண்டே வென்ற ஆண்டாகும்.