பேசத்தானே போன்?

வேலிடிட்டி முடியப் போகிறது என்று எஸ்.எம்.எஸ். வந்ததும் பல வீடுகளில் போன முறை போட்ட அதே ரீசார்ஜைத்தான் மறுபடியும் போடுகிறார்கள். தினமும் 1.5 ஜி.பி. டேட்டா கிடைக்கிறதே என்று பார்க்கிறோமே தவிர, அதைச் செலவழிக்க அந்த போனில் ஆள் உண்டா என்று பார்ப்பதில்லை. பட்டன் போன் வைத்திருக்கும் தாத்தாவுக்கும், பிள்ளைகள் கூப்பிட்டால் எடுத்துப் பேசுவதோடு சரி என்றிருக்கும் அம்மாவுக்கும் தினசரி டேட்டா பிளான் போடுவது, தினமும் பால் வாங்கி ராத்திரி சாக்கடையில் ஊற்றுவதற்குச் சமம். இவர்களுக்குப் பேசுவதற்கு மட்டுமான பிளான் போதும். அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவில்லை என்பதுதான் ஆதங்கம்.

இத்தகைய பிளான் ஒன்றையாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய். சிறப்பு வவுச்சர்களின் வேலிடிட்டி உச்சவரம்பையும் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தியது. 2025 ஜனவரியில் ஜியோ 84 நாளுக்கு 448 ரூபாய், 336 நாளுக்கு 1,748 ரூபாய் என்றும், ஏர்டெல் 84 நாளுக்கு 469, 365 நாளுக்கு 1,849 என்றும் விலை வைத்தன. அப்போது ஜியோவில் தினம் 1.5 ஜி.பி. தரும் 28 நாள் பிளான் 299 ரூபாய். 28 நாள் என்பது ஒரு மாதம் அல்ல. ஒரு வருடத்தை ஓட்ட 13 முறை போட வேண்டும், அதாவது 3,887 ரூபாய். நாள் கணக்கில் அது பத்தே முக்கால் ரூபாயை நெருங்குகிறது. பேச மட்டுமான பிளானில் ஐந்து ரூபாய் சொச்சம்தான். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 336 நாள் என்பது பன்னிரண்டு 28கள். வருடம் முழுக்க வரும் என்று நம்பிப் போட்டால் 29 நாள் முன்னதாகவே தீர்ந்துவிடும். 1,748 குறைவாகத் தெரிந்தாலும், நாளுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் 1,849தான் மலிவு. விலைகள் மாறிக்கொண்டே இருக்கும். ரூபாயை நாளால் வகுக்கும் பழக்கம் மட்டும் இருந்தால் போதும்.

இந்தக் காலத்தில் டேட்டா இல்லாமல் முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வெளியில் போய் யு.பி.ஐ.யில் பணம் கட்டுபவருக்கு, பேரக்குழந்தையை வாட்ஸப் வீடியோவில் பார்ப்பவருக்கு இந்த பிளான் ஆகாது. வீட்டில் வைஃபை இருந்தால் பின்னவருக்கு மட்டும் ஆகலாம். அவசரத்துக்கு இந்த பிளானின் மேலே டேட்டா வவுச்சர் போட முடியுமா என்பதை ரீசார்ஜுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். இதைவிடக் கனமான ஆட்சேபம் இன்னொன்று: தினக்கூலியில் வாழும் குடும்பம் ஒரே மூச்சில் 1,800 ரூபாய்க்கு எங்கே போகும்? உண்மைதான். பணம் குறைவாக இருப்பவர்தான் நாளுக்கு அதிக விலை கொடுக்கிறார். இந்த அநியாயத்தை டிராயின் விதி தீர்க்கவில்லை, விலையை அது நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. ஆனாலும் அன்றைய விலையில் 84 நாளுக்கு 448 என்பது, இரண்டு முறை 299 போடுவதைவிடக் குறைவு.

ஒரே நிறுவனத்திடம் ஒரு வருடம் மாட்டிக்கொள்ள வேண்டுமா என்ற தயக்கமும் சரியானதே. இடையில் வேறு நிறுவனத்துக்கு மாறினால் மிச்ச நாட்கள் போய்விடும். அதனால் சிக்னல் எப்படி என்று தெரியாத இடத்தில் முதலில் 84 நாள் போட்டுப் பார்ப்பதே புத்திசாலித்தனம். சரிப்படவில்லை என்றால், முடியும் தறுவாயில் ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, இடைவெளி விட்டு நம் எண்ணைச் சேர்த்து 1900க்கு அனுப்பலாம். எந்த விலை பிளான் போட்டிருந்தாலும் இந்த எஸ்.எம்.எஸ். போக வழி செய்ய வேண்டும் என்று 2021 டிசம்பரிலேயே டிராய் உத்தரவிட்டிருக்கிறது. "முதலில் விலை கூடிய ரீசார்ஜ் போடுங்கள், அப்புறம் மாறலாம்" என்று யாராவது சொன்னால் அதற்குத் தலையாட்டத் தேவையில்லை.