வீட்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்

கொழிஞ்சாம்பாறையிலும் மூணாறிலும் தமிழ்வழியில் படிக்கும் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடக் கணினியில் பழகுவது லினக்ஸ். கேரள அரசு 2001இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் (2017 முதல் 'கைட்' நிறுவனம்) கொண்டுவந்த கட்டற்ற மென்பொருள் அது. யாரும் படியெடுக்கலாம், திருத்தலாம். அதே பிள்ளை பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தால், கம்பெனிக்குள் மட்டும் புழங்கும் கருவிகளைப் பார்க்கிறான். அருமையாக வேலை செய்யும். வெளியே பெயர்கூடத் தெரியாது. "இவ்வளவு நல்லதை ஏன் பூட்டி வைக்கிறாங்க?" என்று லீவுக்கு வரும்போது கேட்கிறான்.

தொழில் ரகசியம் என்போம். அது பாதி விடைதான்.

வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய் ஸ்டோரைப் பார்த்தவர்களுக்கு மீதிப் பாதி புரியும். வெளியே அடுப்பு, உள்ளே சூட்டைக் கொண்டுபோகும் குழாய். அந்தத் தோட்டத்தின் விளைச்சல், விறகு, இடம் பார்த்துக் கட்டியது. அதைப் பெயர்த்துப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுக்க முடியுமா?

கூகுளின் 'போர்க்' அப்படிப்பட்டது. ஆயிரக்கணக்கான கணினிகளுக்கு வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் இந்தக் கருவி, அந்த வீட்டின் மற்றக் கருவிகளோடு வேர்விட்டுப் பின்னிக் கிடந்தது. ஆகவே வெளியுலகுக்கென்று 2014இல் 'குபெர்னெட்டிஸ்' என்பதை வேறொரு கணினி மொழியில் புதிதாகவே எழுதினார்கள். போர்க் எப்படி வேலை செய்கிறது என்று விரிவாகக் கட்டுரை எழுதியது 2015இல்தான்.

வெளியிட்டதோடு வேலை முடிவதுமில்லை. முன்பின் தெரியாதவர்கள் கேள்வி கேட்பார்கள், பிழை சொல்வார்கள். பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வேண்டும். எந்த வரி யாருக்குச் சொந்தம் என்று வக்கீல் பார்க்க வேண்டும். நினைத்தபடி மாற்றவும் முடியாது, ஊரே நம்பியிருக்கும். இதற்கெல்லாம் ஆள் போட்டால் சம்பளம் யார் கொடுப்பது?

பூட்டி வைப்பதிலும் நஷ்டம் உண்டு. 2004இல் கூகுள் 'மேப்ரெட்யூஸ்' பற்றிக் கட்டுரை வெளியிட்டது, நிரலைத் தரவில்லை. சமையல் குறிப்பு மட்டும் கிடைத்தாற்போல. அதைப் படித்து வெளியாட்கள் சமைத்த 'ஹடூப்' 2006இல் வந்து உலகமெங்கும் பரவியது. கடைசியில் 2015இல் கூகுளே வாடிக்கையாளர்களுக்கு ஹடூப்பை ஓட்டிக் கொடுக்கும் சேவையைத் திறந்தது. வேடிக்கைதான்!

நம் பிள்ளைகளுக்கு இதில் வேறொரு சங்கடம். ஐந்து வருஷம் உள்கருவியில் கைதேர்ந்தவன் வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ போனால், அந்தப் பெயரே அங்கே தெரியாது. செய்ததை எடுத்துக் காட்டவும் ஒப்பந்தம் விடாது. ஆனால் போர்க்கில் பழகிய கைக்குக் குபெர்னெட்டிஸ் அந்நியமில்லை. எந்த உள்கருவிக்கு வெளியே எது உறவு என்று வேலையில் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொண்டால், அந்த இன்டர்வியூவில் பேச வாய் இருக்கும்.