தாங்கக்கூடிய வில்லை வாங்குங்கள்

ஒரு பொருளை வாங்கப் போகும்போது நமக்கு எது தேவை என்பதை விட, எது நம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறதோ அதிலேயே மனம் போய் நிற்கும். மோட்டார் சைக்கிளிலிருந்து தையல் மெஷின் வரை இதுதான் நடக்கிறது. இந்தப் பலவீனத்துக்கு நான் கொடுத்த விலையைப் பற்றித்தான் இந்தவாரம் எழுதுகிறேன். பொருள் சற்று விநோதமானது: வில்.

எனது ஊர் மாவனல்லை. தொழில் நிமித்தம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்கு வந்து இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. பகலில் கணக்காளர் வேலை. ஆனால் வேட்டைக் காலம் நெருங்கும் மாதங்களில் சனிக்கிழமைகளில் ஒரு சிறிய வில் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்பேன். இங்கு மான் வேட்டை, ஊர் முழுக்கப் பேசும் விடயம். ஒக்டோபர் 1 ஆம் திகதி வில் வேட்டைக் காலம் ஆரம்பித்து நவம்பர் 14 ஆம் திகதி வரை நடக்கும். 15 ஆம் திகதி துப்பாக்கிக்காரர்கள் இறங்குவார்கள்.

இன்று வில்லோடு காட்டுக்குப் போகிறவர்களில் அநேகர் கொண்டு செல்வது கப்பி பூட்டிய கொம்பவுண்ட் வில். அதற்கு 1969 இல் காப்புரிமை பெற்றவர் ஹொலிஸ் வில்பர் அலன் என்ற அமெரிக்கர். ஆனால் மரமும் நாணும் மட்டுமே கொண்ட பாரம்பரிய வில்லை விரும்பி வருகிறவர்களும் குறையவில்லை. கடைக்கு வரும் அவர்களிடம் நான் சொல்லும் முதல் வார்த்தை, "பாரத்தைக் குறையுங்கள்" என்பதுதான். ஏன் என்பதற்கு என் சொந்தக் கதையே சாட்சி.

நான் செய்த பிழை

2003 இல் முதல் வில்லை வாங்கினேன். அது நான் இப்போது நிற்கும் கடையல்ல, வேறொரு இடம். விற்பனையாளர் என் தோளைப் பார்த்தார், "உங்களைப் போன்ற ஆளுக்கு 55 இறாத்தல்தான் சரி" என்றார். ஆளைப் புகழ்ந்தால் பணப்பை தானாகத் திறக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கடையில் ஒரு முறை இழுத்துப் பார்த்தேன். இழுபட்டது. வாங்கிவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் பத்து அம்பு எய்வதற்குள் கை நடுங்கும். நாணை முகம் வரை கொண்டு வருவதற்கு முன்பே விரல்கள் விட்டுவிடும். பழகினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் பிழையைத்தான் பழகிக்கொண்டிருந்தேன்.

2004 ஒக்டோபரில் ஒரு மாலை. இரண்டு மணித்தியாலம் குளிரில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். 18 யார் தூரத்தில், அதாவது சுமார் 16 மீற்றரில், ஒரு மான் வந்து நின்றது. பிஸ்மில்லாஹ் சொல்லி நாணை இழுத்தேன். விறைத்துப் போன முதுகு ஒத்துழைக்கவில்லை. முழுமையாக இழுக்க இன்னும் இரண்டு அங்குலம் இருக்கும்போதே அம்பு கைநழுவிப் போனது. நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் பட்டது. அந்த மான் ஓடிவிட்டது. நானும் நண்பர் ஒருவரும் இரவு வெகுநேரம் வரை விளக்கோடு தேடினோம். மறுநாள் சுபஹுக்குப் பின்னரும் தேடினோம். கிடைக்கவில்லை.

அந்த மிருகம் எங்கோ ஒரு புதருக்குள் வேதனைப்பட்டுச் செத்திருக்கும். அதன் இறைச்சி யாருக்கும் உதவவில்லை. காரணம் குளிரும் அல்ல, வில்லும் அல்ல. என்னால் தாங்க முடியாத ஒன்றைப் பெருமைக்காக வாங்கியது நான். என் தோளும் ஆறு வாரங்கள் வைத்தியம் பார்த்தது. வில்லைப் பாதி விலைக்கு விற்றேன்.

ஏன் பாரம் இவ்வளவு முக்கியம்?

கொம்பவுண்ட் வில்லில், முழுமையாக இழுத்தபின் கப்பிகள் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். 80 சதவீதம் குறைக்கும் வகையைச் சேர்ந்த 60 இறாத்தல் வில் என்றால், குறிபார்க்கும் நேரத்தில் கையில் இருப்பது 12 இறாத்தல் மட்டுமே. பாரம்பரிய வில்லில் அந்தச் சலுகை கிடையாது. இழுக்க இழுக்கப் பாரம் கூடிக்கொண்டே போகும். கடைசி அங்குலத்தில்தான் முழுப் பாரமும் கைக்கு வரும். குறிபார்க்க வேண்டியதும் அந்த நேரத்தில்தான். எனவே கொம்பவுண்டில் 60 இழுப்பவர், பாரம்பரிய வில்லிலும் 60 இழுக்கலாம் என்று எண்ணுவது பெரும் தவறு.

வில்லில் எழுதியிருக்கும் பாரம் 28 அங்குல இழுவைக்கு அளந்தது. உங்கள் இழுவை அதைவிடக் குறைந்தால் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 2 முதல் 3 இறாத்தல் வரை குறையும். கூடினால் அதேயளவு கூடும். உங்கள் இழுவை நீளத்தை மதிப்பிட எளிய வழியொன்று உண்டு. இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை அளந்து, 2.5 ஆல் பிரியுங்கள். எனக்கு 68 அங்குலம். பிரித்தால் 27 அங்குலத்துக்குச் சற்று மேல்.

கடையில் நாங்கள் செய்யும் பரிசோதனை இதுதான். கதிரையில் உட்காரச் சொல்வோம். இரண்டு காலையும் நிலத்திலிருந்து சற்றுத் தூக்கிக்கொண்டு, வில்லை வானத்தைப் பார்க்க உயர்த்தாமல், நேராக இழுத்துப் பத்து வினாடி நிறுத்த வேண்டும். நடுங்கினால் அந்த வில் உங்களுக்குரியதல்ல. புதிதாகப் பழகும் வளர்ந்த ஒருவருக்கு 25 முதல் 35 இறாத்தல் வரை போதுமானது.

இலக்குப் பலகைக்கு எய்வதற்கு அதற்கு மேல் தேவையே இல்லை. மான் வேட்டைக்கு 40 முதல் 45 இறாத்தல் வரை போதும். சில மாநிலங்கள் குறைந்தபட்சப் பாரத்தைச் சட்டமாகவே வைத்திருக்கின்றன. 30 என்பாரும் உண்டு, 40 என்பாரும் உண்டு. வேட்டையில் அம்பு வேலை செய்வது அதன் முனையின் கூர்மையால்தான். அடியின் பலத்தால் அல்ல. சவரக் கத்தி போன்ற முனையோடு, சரியான இடத்தில் பட்ட 45 இறாத்தல் வில்லின் அம்பு, பிழையான இடத்தில் பட்ட 60 இறாத்தல் அம்பை விட மேலானது. தூரமும் 20 யாருக்குள் இருக்கட்டும்.

எந்த வகையை எடுப்பது?

கடையில் மூன்று வகை தொங்கும்.

முதலாவது நீள்வில். பெரும்பாலும் 66 முதல் 70 அங்குலம் வரை நீளம். பாரமற்றது, சத்தம் குறைவு, கையின் சிறு பிழைகளை ஓரளவு மன்னிக்கும். அம்பின் வேகம் சற்றுக் குறைவு.

இரண்டாவது, நுனிகள் முன்பக்கம் வளைந்த ரீகர்வ். வேட்டைக்கானவை 58 முதல் 64 அங்குலம் வரை இருக்கும். அதே பாரத்தில் அம்பை வேகமாக அனுப்பும். நீளம் குறைவு என்பதால் மரங்களுக்கிடையில் வசதி. ஆனால் கை சற்றுத் திரும்பினாலும் அம்பு காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது, மூன்று துண்டாகக் கழற்றக்கூடிய ரீகர்வ். நடுவில் கைப்பிடிக் கட்டை. மேலும் கீழும் லிம்ப் எனப்படும் இரண்டு கைகள். கணக்காளன் என்ற முறையில் நான் சிபாரிசு செய்வது இதைத்தான். சாதாரண கழற்றும் வில் ஒன்றை ஏறத்தாழ 150 முதல் 200 டொலருக்கு வாங்கலாம். 30 இறாத்தல் லிம்ப்களோடு தொடங்கி, ஒரு வருடம் பழகியபின் 40 இறாத்தல் லிம்ப்களை மட்டும் மேலும் நூறு டொலரளவில் வாங்கிப் பூட்டலாம். கைப்பிடி அதேதான். மாறாக, கைவினைஞர் ஒருவரிடம் சொல்லிச் செய்விக்கும் ஒற்றைத் துண்டு வில்லுக்கு 700, 1,000 டொலர் என்று போகும். அழகான வேலைதான். ஆனால் பாரம் ஒத்துவராவிட்டால் மாற்ற முடியாது. அதை உங்கள் மூன்றாவது வில்லாக வாங்குங்கள்.

பணம் முழுவதையும் வில்லில் கொட்டிவிடவும் கூடாது. அம்பு, கையுறை, முன்கைக் காப்பு, நாண் பூட்டும் கயிறு, இலக்கு ஆகியவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கையாவது ஒதுக்குங்கள். அம்பின் விறைப்பு வில்லின் பாரத்தோடு பொருந்தாவிட்டால் எவ்வளவு நல்ல வில்லும் நேராக எய்யாது. ஓர் இறாத்தலுக்கு 10 கிரெயின் என்பது அம்பின் எடைக்குப் பாதுகாப்பான கணக்கு. 45 இறாத்தல் வில்லுக்கு 450 கிரெயின், அதாவது சுமார் 29 கிராம்.

பழைய வில் வாங்குவோர் கவனத்துக்கு

நாண் பூட்டி, நுனியிலிருந்து நீளப் பாருங்கள். நாண் வில்லின் நடுவால் ஓட வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் லிம்ப் முறுகியிருக்கிறது. பைபர் கிளாஸுக்கும் மரத்துக்கும் இடையில் ஒட்டு விட்டிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். குறுக்கே ஓடும் வெடிப்பு இருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பழைய வில்களின் நுனி, இன்றைய நீளாத நாண்களைத் தாங்காது. டெக்ரோன் நாணே பாதுகாப்பு. அம்பில்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் வில்லை விட்டுவைக்கவும் கூடாது, ஒட்டு இளகிவிடும்.

விற்பவருக்கு ஒரு வார்த்தை

அந்த மானுக்குப் பின் இரண்டு வருடம் நான் வில்லைத் தொடவில்லை. 2006 இல் இப்போதைய கடைக்குப் போனேன். வயதான முதலாளி. 50 இறாத்தல் வில் ஒன்றைக் காட்டி விலை கேட்டேன். இழுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இதை உங்களுக்கு விற்க மாட்டேன்" என்றார். அதன் விலையில் பாதிகூட இல்லாத 35 இறாத்தல் வில்லைத் தந்தார். அன்று அவருக்கு ஒரு நல்ல வியாபாரம் போனது. ஆனால் அதன்பின் நான் வாங்கிய ஒவ்வொரு அம்பும், நான் அனுப்பிய ஒவ்வொரு நண்பரும் அந்தக் கடைக்குத்தான். கடைசியில் நானே கவுண்டருக்குப் பின்னால் வந்து நிற்கிறேன். வாடிக்கையாளரின் தேவைக்கு விற்பவன் ஒரு தடவை இலாபத்தை இழப்பான். ஆளை இழக்க மாட்டான்.

ஊரிலுள்ள வாசகர்களுக்கு ஒன்றை மறக்காமல் சொல்லவேண்டும். நம் நாட்டில் மான், மரை வேட்டை, 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றமாகும். அங்கு வில் என்றால் இலக்குப் பலகைக்கு மட்டுமே. அதற்கும் மேலே சொன்ன கணக்குகள் அப்படியே பொருந்தும். அம்பெய்தல் நம் மார்க்கம் ஊக்குவித்த விளையாட்டு என்பதையும் நினைவில் கொள்வோம்.

கடந்த ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை, என் பதினேழு வயது மகன் கடைக்கு வந்தார். சுவரில் தொங்கிய 55 இறாத்தல் வில்லைக் காட்டி, "வாப்பா, இத எடுப்பமா?" என்றார். கதிரையை இழுத்துப் போட்டு, "மகன், கால ரெண்டையும் தூக்கிட்டு ஒருக்கா இழுத்துப் பாருங்க" என்றேன். நான்கு வினாடியில் கை ஆடத் தொடங்கியது. அந்த மானின் கதையை முதல் தடவையாக அன்றுதான் அவருக்குச் சொன்னேன்.

வீட்டுக்கு வரும்போது எங்கள் வாகனத்தில் இருந்தது 30 இறாத்தல் வில்.